மீனுக்குத் தெரியாதுதான், ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் பழைய வரைபடங்களைத் தேடி அலையும் அரசாங்கங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஜப்பானும் கொரியாவும் நடுவில் கிடக்கும் கடலின் பெயருக்காக மல்லுக்கட்டுவதை நன்றாகக் கிண்டல் செய்துவிட்டு, "கடலுக்கு என்ன பெயர் வைத்தால் என்ன, மீனுக்குத் தெரியவா போகிறது?" என்று முடித்திருந்தார் உங்கள் கட்டுரையாளர். மீனுக்குத் தெரியாதுதான். மீன் உங்கள் பத்திரிகைக்குச் சந்தாவும் கட்டுவதில்லை. நான் 31 வருஷமாகக் கட்டுகிறேன்.

நான் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவன். வெயிலில் செயின் இழுத்து, கல் நட்டு, புலப்படம் வரைந்தே காலம் போய்விட்டது. அதனால் சொல்கிறேன், பழைய வரைபடத்தைக் கோடி கொடுத்து வாங்குகிறவன் பைத்தியக்காரன் இல்லை. 'அமெரிக்கா' என்ற பெயர் முதலில் ஏறியது 1507-இல் வால்ட்சீமுல்லர் என்ற ஜெர்மானியர் போட்ட வரைபடத்தில். அதை 2003-இல் 1 கோடி டாலர் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறது அமெரிக்க நாடாளுமன்ற நூலகம். வேடிக்கை என்னவென்றால், அதே மனிதர் 1513-இல் வெளியிட்ட வரைபடத்தில் அந்தப் பெயரை எடுத்துவிட்டார். அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஒருமுறை படத்தில் ஏறிய பெயரை வரைந்தவனே நினைத்தாலும் இறக்க முடியாது. கட்டுரையாளருக்கு இது சிரிப்பாக இருக்கலாம்.

வரைபடங்களை எண்ணிக் காட்டுவது வெட்டி வேலை என்று அவர் எழுதியதில் எனக்கும் பாதி சம்மதம். ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் அதே அமெரிக்க நூலகத்தில் எண்ணியதில், அந்தக் கடலுக்குப் பெயர் போட்டிருந்த 1,435 வரைபடங்களில் 1,110 'ஜப்பான் கடல்' என்றனவாம். கொரியர்களும் சும்மா இல்லை. 'கொரியக் கடல்' என்று அச்சான 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வரைபடங்களைத் தேடித் தேடிக் காட்டுகிறார்கள். அந்தக் காலத்து வரைபடக்காரர்களில் எத்தனை பேர் அந்தக் கடலைக் கண்ணால் கண்டார்கள்? லண்டனிலும் பாரிஸிலும் உட்கார்ந்துகொண்டு, முந்தியவர் போட்டதைப் பார்த்துச் செம்புத் தகட்டில் செதுக்கியவர்கள்தான் அதிகம். ஒரு சாட்சி சொன்னதை நூறு பேர் நகல் எடுத்தால் நூறு சாட்சி ஆகிவிடுமா?

ஜப்பான் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1602-இல் பீகிங்கில் மத்தேயு ரிச்சி என்ற பாதிரியார் போட்ட உலகப் படத்திலேயே 'ஜப்பான் கடல்' என்று இருக்கிறது. சரி. ஆனால் உலகத்துக்கெல்லாம் அதுதான் பெயர் என்று பதிந்தது எப்போது? கடல்களின் எல்லைகளையும் பெயர்களையும் குறிக்கும் சர்வதேசக் கையேடு 1920-களின் கடைசியில் முதல் பதிப்பாக வந்தபோது. அப்போது கொரியா ஜப்பானின் கீழ் அடிமை நாடு, வாய் திறக்க நாற்காலியே கிடையாது. 1953-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது போரில் நொறுங்கிக் கிடந்தது.

எங்கள் தொழிலில் பக்கத்துப் பட்டாதாரருக்கு நோட்டீஸ் கொடுக்காமல் அளக்கக் கூடாது. 1986-இல் ஒரு கிராமத்தில் நானே அந்தத் தப்பைச் செய்தேன். மேலிடத்து அவசரம். பக்கத்து நிலத்துக்காரர் பிழைப்புக்கு வெளியூர் போயிருந்தார். கதவில் நோட்டீஸ் ஒட்டியதாக எழுதிக்கொண்டு கல் நட்டுவிட்டோம். ஆறு மாதம் கழித்து வந்தவர் கத்தவில்லை. அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து, "நான் இல்லாதப்ப வச்ச கல்லு எப்படிங்க என் எல்லை ஆவும்?" என்று கேட்டார். மறு அளவைக்கு ஏழு வருஷம் அலைந்தார். 1991-இல் ஐ.நா.வில் சேர்ந்து, அடுத்த வருஷமே அந்தக் கடலின் பெயரைப் பற்றிக் கேட்ட கொரியர்களை நினைத்தால் எனக்கு அந்த மனிதர் முகம்தான் வருகிறது. அவர்கள் அதைக் 'கிழக்குக் கடல்' என்கிறார்கள். அவர்கள் நாட்டுப்பண் அந்தக் கடலில்தான் தொடங்குகிறது.

நமக்கு இது புரியாமல் போகக் கூடாது. புறநானூற்றில் நம் கிழக்குக் கடலுக்குக் குணகடல் என்று பெயர். இப்போது வங்காளத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். அதைக்கூட உங்கள் இணையப் பதிப்பில் 'பே ஆஃப் பெங்கால்' என்று போடுகிறீர்கள். பரங்கிப்பேட்டை பழைய படங்களில் போர்ட்டோ நோவோ. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தி நம் அரசு ஆணை போட்டுச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றபோது, நீங்கள் கார்ட்டூன் போட்டுச் சிரித்தீர்கள். நான் எழுதிய மூன்று பக்கக் கடிதம் வரவில்லை. இடப் பற்றாக்குறை இருந்திருக்கும். அன்று பாதிப் பக்கத்துக்குப் பட்டுப்புடவை விளம்பரம்.

2020 நவம்பரில், முன்னே சொன்ன கையேட்டை வெளியிடும் சர்வதேச நீர்ப்பரப்பு அளவை அமைப்பு ஒரு வழி கண்டுபிடித்தது. புதிதாகத் தயாரிக்கும் தொகுப்பில் கடல்களுக்குப் பெயரே வேண்டாம், எண் கொடுத்துவிடலாம் என்று. கடலுக்கும் சர்வே நம்பர்! உங்கள் கட்டுரையில் இதைக் காணவில்லை. தாங்கள் அறியாததல்ல.

எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. வட கொரியா அடுத்த முறை ஏவுகணை விடும்போது, செய்தி நிறுவனம் அனுப்பியதை அப்படியே இறக்கி 'ஜப்பான் கடலில் விழுந்தது' என்று போடாமல், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கிழக்குக் கடல்' என்றும் போடுங்கள். இரண்டு சொல்தான், விளம்பரத்தின் இடம் ஒன்றும் போகாது. அப்புறம், மழைக்காலத்தில் நீங்கள் வெளியிடும் மழை அளவுப் பட்டியலில் எங்கள் ஊரை ஆறு வருஷமாகச் 'சேத்தியாதோப்பு' என்று போடுகிறீர்கள். நடுவில் ஒரு 'த்' உண்டு. ஒரு நாள் 'சேத்துப்பட்டு' என்றே போட்டுவிட்டீர்கள். வீராணம் ஏரியின் தண்ணீர் எங்கே, சேத்துப்பட்டு எங்கே?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
சேத்தியாத்தோப்பு.

பின்குறிப்பு: கடிதம் நீளம் என்றால் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரில் மட்டும் கை வைக்காதீர்கள்.