எந்த மரபணுவைச் சோதிப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்ப்பத்துக்கு முன் மரபணுச் சோதனை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாப் பெண்களின் உடலும் வைட்டமினை ஒரே மாதிரி பயன்படுத்துவதில்லை என்று அது சொல்வது சரிதான். ஆனால் ஃபோலேட் என்ற வைட்டமினை உடல் பயன்படுத்த உதவும் எம்டிஎச்எஃப்ஆர் மரபணுவைப் பார்க்காமல், அந்த வைட்டமினின் வழக்கமான மாத்திரை வடிவமான ஃபோலிக் ஆசிட் சாப்பிடுவது வீண், ஏற்கெனவே மாற்றித் தயாரித்த, விலை கூடிய 'ஆக்டிவ்' ஃபோலேட்தான் வேலை செய்யும் என்ற தோரணையில் முடித்திருப்பது சங்கடமாக இருந்தது. நான் கூடலூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஒரு பெண் அந்தப் பக்கத்தைக் கையோடு கொண்டுவந்து, ஏற்கெனவே வாங்கிய மாத்திரையைத் திருப்பித் தரலாமா என்று கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த மரபணு சாதாரணமானதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஃபோலேட்டை உடல் கடைசியாகப் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுகிற நொதி அதிலிருந்துதான் உருவாகிறது. அதன் 677ஆவது இடத்தில் 'சி' என்ற டிஎன்ஏ எழுத்துக்குப் பதில் 'டி' இருந்தால் நொதி மந்தமாகிவிடும். தாய், தந்தை இருவர் வழியிலும் 'டி' வந்தவர்களுக்கு, ஆய்வகத்தில் அளந்தால் சுமார் 30 சதவீத வேகம்தான் தெரியும். அப்படிப்பட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போகும் ஆபத்து ஓரளவு கூடுகிறது என்பதும் உண்மை.

30 சதவீதம் என்று படித்தால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் கட்டுரை சொல்லாமல் விட்ட இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒரே அளவு ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டவர்களை ஒப்பிட்டால், இரட்டை 'டி' உள்ளவர்களின் ரத்தத்தில் ஃபோலேட் சுமார் 16 சதவீதம்தான் குறைவு. இந்த மாற்றம் உள்ளவர்களின் உடலும் ஃபோலிக் ஆசிட்டைப் பயன்படுத்திக்கொள்ளும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்கிறது. முதுகுத்தண்டு மூடாத அந்தப் பிறவிக் குறையைத் தடுப்பதாக நிரூபிக்கப்பட்டிருப்பதும் ஃபோலிக் ஆசிட் மட்டும்தான். 1991இல் வெளியான பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் சோதனை 7 நாடுகளில், 33 மையங்களில் நடந்தது. முன்பு ஒரு குழந்தை இந்தக் குறையோடு உருவான தாய்மார்களுக்குத் தினம் 4 மில்லிகிராம் கொடுத்தார்கள். மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. மரபணு பார்த்து யாருக்கும் மாத்திரை கொடுக்கவில்லை. பார்த்திருக்கவும் முடியாது, அந்த 677 சங்கதி வெளியானதே 1995இல்தான்.

இந்த மாற்றம் உலகிலேயே அதிகம் காணப்படும் மக்களில் மெக்சிகோ வம்சாவளியினரும் உண்டு. அமெரிக்காவில் 1998 முதல் 'செறிவூட்டியது' என்று விற்கும் கோதுமை மாவு போன்றவற்றில் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் சேர்ப்பது கட்டாயம். அதற்குப் பிறகும் ஹிஸ்பானிக் (மெக்சிகோ போன்ற ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளி) குடும்பங்களில் இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தது. மரபணுவுக்கும் அதில் பங்கு இருக்கலாம். ஆனால் அவர்கள் வீட்டு ரொட்டி பெரும்பாலும் மக்காச்சோள மாவில் செய்வது, அந்த மாவில் அப்போது ஃபோலிக் ஆசிட் கிடையாது. 2016இல் அதிலும் சேர்க்க அனுமதி கிடைத்தது. அந்த மரபணு மாற்றம் அவ்வளவு பரவலாக உள்ள இடத்திலேயே, எல்லோருக்கும் மாத்திரையும் மாவும் போய்ச் சேர்வதைத்தான் வழியாக எடுத்துக்கொண்டார்கள். தென்னிந்தியர்களிடம் இரட்டை 'டி' மிகவும் அரிது. இங்கே அதற்குக் காசு கொடுத்துச் சோதனை செய்வதில் என்ன லாபம்?

நம் ஊர்ச் சிக்கல் நாள் கணக்கில் இருக்கிறது. கரு உருவான 28 நாளுக்குள், பின்னால் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக் குழாய் மூடிவிட வேண்டும். நாள் தள்ளிப்போய், கிட் வாங்கிப் பார்த்து, வீட்டில் சொல்லி, நர்ஸம்மாவிடம் பதிந்து, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பிக்மி பதிவு எண் வாங்கும்போது அந்தக் கெடு பெரும்பாலும் தாண்டியிருக்கும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே ஆரம்பித்து முதல் மூன்று மாதம்வரை தினம் 400 மைக்ரோகிராம் என்று மத்திய அரசின் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்திலேயே இருக்கிறது. கல்யாணமான பெண்ணிடம் அதை யார் போய்ச் சொல்கிறார்கள்? ரேஷனில் செறிவூட்டிய அரிசிதான் வருகிறதே என்பார்கள். அரசுத் தரப்படி அதில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம்தான் ஃபோலிக் ஆசிட். தினம் 300 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிட்டாலும் 40ஐத் தொடாது.

அதற்காக மரபணுவே பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின் சம்பந்தப்பட்டதை. இந்தியாவில் அரிவாள் செல் (சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை ரத்த நோய்) இருப்பது முதன்முதலில் 1952இல் பதிவானதே எங்கள் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். சாதாரணமாகச் சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். இந்த நோய் உள்ளவர்களுக்கு அது 10 முதல் 20 நாளில் அழிந்துவிடுகிறது. எலும்பு மஜ்ஜை ஓயாமல் புதிது புதிதாகச் செய்ய வேண்டியிருப்பதால் ஃபோலேட் தேவை எகிறுகிறது. அப்படிப்பட்ட பெண்களுக்குக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கிப் பிரசவம் வரை தினம் 5 மில்லிகிராம் என்பது பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டுதல். மரபணு பார்த்து வைட்டமின் அளவை மாற்றுவது என்றால் இதுதான். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!

தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறையின் கடத்திகள், அதாவது நோய் முழுதாக இல்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமப்பவர்கள், கதை இன்னும் பாவம். இரும்பு மாத்திரை மாதக்கணக்கில் போட்டும் ஹீமோகுளோபின் ஏறாது. 'ஒழுங்கா மாத்திரை போடறதில்ல' என்று போகிற இடமெல்லாம் திட்டுதான் கிடைக்கும். எச்பிஎல்சி என்கிற ரத்தப் பரிசோதனை செய்தால் விஷயம் தெரிந்துவிடும். கணவரும் கடத்தியா என்று பார்த்தால் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பும் தெரியும். அரிவாள் செல் ஒழிப்புக்கென்று 2023 ஜூலையில் மத்திய அரசு தனி இயக்கமே தொடங்கியிருக்கிறது.

இடையில் ஒரு சுவாரசியமான செய்தி. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களின் கர்ப்பகால ரத்தசோகையை ஆராய்ந்தார். பிறகு எங்கள் மாவட்டத்துக் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். ஏழைப் பெண்களின் சாப்பாட்டில்தான் கோளாறு என்று பிடித்து, மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துத் தேற்றினார். 1931இல் அதை எழுதினார். அந்தச் சாற்றில் இருந்ததைத்தான் பின்னால் ஃபோலேட் என்று அடையாளம் கண்டார்கள்.

வைட்டமின் பி12 பற்றியும் கட்டுரை பேசியிருக்கலாம். அசைவமே தொடாதவர்களுக்கு அது குறைவாக இருப்பது சகஜம். அப்போது ஃபோலிக் ஆசிட் மட்டும் அதிகமாகப் போனால் ரத்தசோகை சரியானது போலத் தோன்றும், உள்ளே நரம்புப் பாதிப்பு தொடரும். கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை, அதாவது 400 மைக்ரோகிராமைப்போல் பன்னிரண்டரை மடங்கு. அது எல்லோருக்கும் வேண்டியதில்லை. முன்பு குறையுள்ள குழந்தை உருவானவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த இதழில், ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அதை நிறுத்த வேண்டாம் என்று ஒரு குறிப்பாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரர்,
கூடலூர், நீலகிரி.