பொது அறிவு க்விஸ் கேள்விக் கட்டு, என்ன மாறுகிறது, ஏன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதத்திலிருந்து உங்களுக்கு வரும் பொது அறிவு க்விஸ் கேள்விக் கட்டில் உள்ள அட்டைகளின் பின்பக்கம் மாறியிருக்கும். இதுவரை அங்கே விடை மட்டும்தான் இருந்தது. இனி விடைக்குக் கீழே மூன்று வரிகள் சேர்கின்றன: ‘இதையும் ஏற்கலாம்’, ‘இதை ஏற்க வேண்டாம்’, ‘சரிபார்த்த மாதம்’. விலையில் மாற்றமில்லை. பிரிட்டனில் பப்களிலும் உணவகங்களிலும் தமிழ்ச் சங்க மண்டபங்களிலும் க்விஸ் இரவு நடத்தும் எல்லோருக்கும் ஒரே கட்டுதான் போகிறது. அதனால் இந்த மூன்று வரிகளும் எதற்கு, மைக்கைப் பிடிப்பவர் அவற்றை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

கேள்வி கடினமாக இருப்பதால் க்விஸ் இரவு கெடுவதில்லை. கடினமான கேள்வி எல்லா மேசைக்கும் ஒன்றுபோலக் கடினம்தான். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு மேசைகள் இரண்டு விடை எழுதி, இரண்டுக்குமே நியாயம் இருந்துவிட்டால்தான் சிக்கல். ஒரு புள்ளிக்காகப் பத்து நிமிடம் வாக்குவாதம் நடக்கும். அதற்குள் மற்ற மேசைகள் ஆறிப்போகும், சிலர் கோட்டை எடுத்து மாட்டத் தொடங்கிவிடுவார்கள். இந்த வாக்குவாதத்தின் வேர் பெரும்பாலும் கேள்வியின் வாசகத்தில்தான் இருக்கிறது.

‘தென்னாப்பிரிக்காவின் தலைநகரம் எது?’ என்று கேட்டால் பிரிட்டோரியா, கேப் டவுன், புளூம்ஃபொன்டைன் மூன்றும் சரி. நிர்வாகம் ஓரிடம், நாடாளுமன்றம் ஓரிடம், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓரிடம். பொலிவியாவிலும் இதே கதை: அரசியலமைப்பு சொல்லும் தலைநகரம் சுக்ரே, அரசு நடப்பது லா பாஸில். இலங்கைக் கேள்விக்குப் பாதி மேசைகள் கொழும்பு என்று எழுதும், அட்டையோ ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை என்று சொல்லும். இப்படிப்பட்ட கேள்விகளைத் திருப்பிப் போட்டிருக்கிறோம். ‘பிரிட்டோரியா, புளூம்ஃபொன்டைன் ஆகியவற்றோடு தென்னாப்பிரிக்காவின் மூன்றாவது தலைநகரம் எது?’ என்று கேட்டால் எழுத ஒரே ஊர்தான் மிஞ்சும். உலகின் மிக நீளமான ஆறு எது என்பதை எடுத்தேவிட்டோம். நைல் என்பதுதான் பழைய விடை என்றாலும், எந்த ஊற்றிலிருந்து அளப்பது என்பதைப் பொறுத்து அமேசான்தான் நீளம் என்று வாதிடும் அளவீடுகளும் உண்டு. நீர் வரத்தில் உலகிலேயே பெரிய ஆறு எது என்று கேளுங்கள்: அமேசான். அதில் தகராறே இல்லை.

‘சரிபார்த்த மாதம்’ என்ற வரி இன்னும் முக்கியம். கேள்வி பழசாகிப் போவது வெளியே தெரியாது. அதிக நிலவுகள் கொண்ட கோள் எது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 பிப்ரவரியில் வியாழன் முந்தியது. அதே ஆண்டு மே மாதம் சனி மீண்டும் முன்னால் போனது. 2025 மார்ச்சில் சனிக்கு ஒரே அடியாக 128 புதிய நிலவுகள் அங்கீகரிக்கப்பட்டு, எண்ணிக்கை 274 ஆனது. ‘எத்தனை நிலவுகள்’ என்று எண் கேட்கும் அட்டை எந்த வாரம் வேண்டுமானாலும் பொய்யாகலாம். அதற்குப் பதில் ‘டைட்டன் எந்தக் கோளின் நிலவு?’ என்று வைத்திருக்கிறோம். கஜகஸ்தான் தலைநகரமும் அப்படித்தான். 1997-இல் அல்மாத்தியிலிருந்து தலைநகரம் மாறியது, 1998-இல் அதற்கு அஸ்தானா என்று பெயர் வைத்தார்கள், 2019-இல் நூர்சுல்தான் ஆக்கினார்கள், 2022-இல் மறுபடி அஸ்தானா. இடையில் அச்சான எந்தத் தொகுப்பை நம்பினாலும் கால் இடறும்.

‘தற்போது’, ‘இப்போதைய’ என்ற சொற்கள் எங்கள் கேள்விகளில் இனி வராது. ‘பிரிட்டனின் தற்போதைய பிரதமர்’ என்று கேட்பதைவிட ‘2022-ஆம் ஆண்டில் பிரிட்டனின் பிரதமராக இருந்த மூவர் யார்?’ என்று கேட்பது எவ்வளவோ மேல். போரிஸ் ஜான்சன், லிஸ் டிரஸ், ரிஷி சுனக் என்ற விடை இனி எந்தக் காலத்திலும் மாறாது. மேசையில் பேச்சும் கிளம்பும்: ஒருவர் இரண்டு பெயர் சொல்வார், மூன்றாவது இன்னொருவருக்கு நினைவுக்கு வரும். சங்க இரவுகளுக்கான தமிழ்ச் சுற்றிலும் இதையே செய்திருக்கிறோம். இந்தியாவில் செம்மொழிகள் எத்தனை என்பதற்கு 2014 முதல் பத்தாண்டுகள் ஆறு என்பதே விடை. 2024 அக்டோபரில் மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமியம், வங்காளம் சேர்ந்து 11 ஆகிவிட்டது. இனி எண்ணைக் கேட்க மாட்டோம். ‘2024-இல் செம்மொழித் தகுதி பெற்ற ஐந்தில் மூன்றைச் சொல்லுங்கள்’ என்று கேட்போம்.

நல்ல கேள்வி ஒன்று எப்படி வயதாகிறது என்பதற்குப் பலருக்கும் பழக்கமான ஓர் உதாரணம் இருக்கிறது. ‘தனிம அட்டவணையில் எங்கும் வராத ஒரே ஆங்கில எழுத்து எது?’ விடை ஜே என்பார்கள். 114-ஆம் தனிமத்துக்கு அன்அன்குவாடியம் என்ற தற்காலிகப் பெயர் இருந்தவரை அது சரி, ஏனென்றால் அந்தப் பெயரில் க்யூ இருந்தது. 2012-இல் அந்தத் தனிமத்துக்கு ஃப்ளெரோவியம் என்று நிரந்தரப் பெயர் வைத்ததும் க்யூவும் அட்டவணையை விட்டு வெளியேறிவிட்டது. இன்றைக்கு இரண்டு எழுத்துகள் இல்லை. ஆனாலும் பழைய கேள்வி இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் இடத்தில் நாங்கள் வைத்திருப்பது: ‘அமெரிக்க மாநிலங்கள் எதன் பெயரிலும் வராத ஒரே ஆங்கில எழுத்து எது?’ இதன் அழகே வேறு. யாருக்கும் விடை மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை. ஒருவர் ஜே என்பார், பக்கத்தில் இருப்பவர் நியூ ஜெர்சியைச் சொல்லி அடித்துவிடுவார். எக்ஸுக்கு டெக்சஸ், இசட்டுக்கு அரிசோனா. கடைசியில் க்யூ மட்டும் நிற்கும். மேசையில் உள்ள எல்லோரும் வாய் திறக்க வேண்டியிருக்கும் இத்தகைய கேள்வி ஒரு சுற்றுக்கு ஒன்றாவது இருந்தால்தான் அறை கலகலப்பாக இருக்கும்.

நிலைத்துப்போன பொய்களையும் களைந்திருக்கிறோம். சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியாது. 2003-இல் சுற்றுப்பாதைக்குப் போன முதல் சீன விண்வெளி வீரர் யாங் லிவேயே தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்பதும் அப்படித்தான். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று 2012-இல் தகவல் உரிமைச் சட்டக் கேள்விக்கு விளையாட்டு அமைச்சகமே பதில் கொடுத்தது. மெரினா உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை என்பதை நிறுவ முடியாததால் அந்த அட்டையும் போய்விட்டது. பிரிட்டனில் பிறந்த கேள்விகளிலும் கவனம் வேண்டும். ‘லேக் டிஸ்ட்ரிக்டில் பெயரிலேயே லேக் என்று வரும் ஒரே பெரிய ஏரி எது?’ என்ற பப் கேள்விக்குப் பேசன்த்வெய்ட் என்ற விடை நிற்கும். ஸ்காட்லாந்தில் ஏரிகளை லாக் என்பார்கள் என்பதால், ‘ஸ்காட்லாந்தின் ஒரே லேக்’ என்று மென்டீத் ஏரியைக் கேட்பது நிற்காது. அங்கே லேக் என்ற பெயரோடு வேறு நீர்நிலைகளும் உள்ளன.

ஒரு தகவலை இரண்டு இடத்தில் பார்த்துவிட்டாலே அது உறுதி ஆகிவிடாது. அந்த இரண்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாக இருக்கலாம். இதற்குப் பேர்போன வழக்கு ட்ரிவியல் பர்சூட் என்ற பொது அறிவு விளையாட்டின் மேல் வந்தது. ஃப்ரெட் வொர்த் என்ற தொகுப்பாளர், தன் தொகுப்பிலிருந்து யாராவது எடுத்தால் கண்டுபிடிக்க வேண்டும் என்று, தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் ஃபிலிப் என்ற பொய்யை வேண்டுமென்றே எழுதி வைத்தார். விளையாட்டின் அட்டையில் அதே ஃபிலிப் வந்து நின்றது. 1984-இல் 30 கோடி டாலர் கேட்டு அவர் வழக்குப் போட்டார். தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று நீதிமன்றங்கள் அதைத் தள்ளிவிட்டன. சட்டம் எப்படியோ போகட்டும், கேள்வி தயாரிப்பவர்களுக்குப் பாடம் தெளிவு. தொகுப்பைப் பார்த்துத் தொகுப்பு எழுதக் கூடாது, மூலத்துக்குப் போக வேண்டும். விண்வெளித் தகவல் என்றால் சர்வதேச வானியல் ஒன்றியம், தனிமங்கள் என்றால் வேதியியலாளர்களின் சர்வதேச ஒன்றியம், நாட்டுப் பெயர்கள் என்றால் ஐ.நா. பட்டியல். அப்படிப் பார்த்த மாதத்தைத்தான் அட்டையில் போடுகிறோம்.

‘இதையும் ஏற்கலாம்’ வரியைப் பற்றிச் சில வார்த்தை. விடை தமிழில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும், எழுத்துப் பிழை இருந்தாலும், வாசித்தால் பெயர் புரிகிறது என்றால் புள்ளி கொடுங்கள். ஆளின் பெயருக்குக் குடும்பப் பெயர் போதும். ஆனால் அதே பெயரில் இன்னொருவர் இருக்கும் இடத்தில் போதாது: ரூஸ்வெல்ட் என்ற பெயரில் அமெரிக்க அதிபர்கள் இருவர், கியூரி என்ற பெயரில் நோபல் பெற்றவர்கள் மேரியும் பியரும். அங்கெல்லாம் ‘முழுப் பெயர் வேண்டும்’ என்று கேள்வியிலேயே எழுதியிருப்போம், அதை விடாமல் வாசியுங்கள். அரைப் புள்ளி கொடுக்காதீர்கள். கூட்டல் குழம்பும், ஒரு மேசைக்குக் கொடுத்துவிட்டால் மற்ற மேசைக்கு மறுக்கவும் முடியாது.

தமிழ்நாட்டு நோபல் கேள்விக்கு இந்த வரி நிறைய உதவும். ‘தமிழர்களில் நோபல் பெற்றவர்கள் எத்தனை பேர்?’ என்றால் சண்டை வரும். இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் பிறந்தவர்கள் யார் என்று கேட்டால் இருவர்தான்: திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். சுப்பிரமணியன் சந்திரசேகர் பிறந்தது லாகூரில். அவரை ‘இதை ஏற்க வேண்டாம்’ வரியில் காரணத்தோடு எழுதியிருக்கிறோம். யாராவது எழுந்து கேட்டால் அந்த வரியை அப்படியே வாசித்துவிடுங்கள், பேச்சு அங்கேயே முடியும்.

கடினத்தின் அளவு பழையபடிதான். பத்துக் கேள்வியில் மூன்று எல்லா மேசைக்கும் தெரியும், ஐந்து யோசித்தால் வரும், இரண்டு ஓரிரு மேசைக்கு மட்டும் கிடைக்கும். ஜெயிக்கும் அணி 60-க்கு 45 முதல் 50 வரை எடுத்து, கடைசி அணி 25-ஐத் தாண்டினால் கட்டு உங்கள் கூட்டத்துக்குப் பொருந்துகிறது என்று அர்த்தம். எல்லோரும் 50-ஐத் தாண்டினால் நீல முனை அட்டைகளை எடுத்துவிட்டுச் சிவப்பு முனை அட்டைகளைச் சேருங்கள்.

நடத்தும் முறையில் நேரம்தான் பெரும்பாலும் கைமீறும். ஆறு சுற்று, சுற்றுக்குப் பத்துக் கேள்வி. ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசித்து 40 விநாடி விட்டால் சுற்று பத்து நிமிடத்தில் முடியும். விடைத்தாளைப் பக்கத்து மேசைக்கு மாற்றித் திருத்த ஆறு நிமிடம். நடுவில் 15 நிமிட இடைவேளை சேர்த்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும். எட்டுக்குத் தொடங்கினால் பத்துக்கு முன் முடித்துவிடலாம். அணிக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஆட்சேபம் இருந்தால் அடுத்த சுற்றின் முதல் கேள்விக்கு முன்பே சொல்ல வேண்டும், அதன் பிறகு கேட்க மாட்டோம் என்று ஆரம்பத்திலேயே அறிவித்துவிடுங்கள். ஜோக்கர் சுற்று வைப்பதானால், எந்தச் சுற்றுக்கு இரட்டைப் புள்ளி வேண்டும் என்பதை அணிகள் முதல் கேள்விக்கு முன் எழுதித் தந்துவிட வேண்டும். கைபேசியைப் பையில் வைக்கச் சொல்வதோடு, இடைவேளை முடிந்ததும் அதை இன்னொரு முறை நினைவூட்டுங்கள். தேடல் பெரும்பாலும் அந்த 15 நிமிடத்தில்தான் நடக்கிறது, அதனால் இடைவேளைக்கு முன் முடிந்த சுற்றின் தாள்களை வாங்கிவிடுங்கள்.

சமநிலை வந்தால் கேட்க ஒவ்வொரு கட்டிலும் இரண்டு டை பிரேக்கர் அட்டைகள் உண்டு. அருகில் வரும் எண்ணுக்கு வெற்றி. இங்கே விடை யாருக்கும் சட்டென்று தெரியாததாகவும், ஆனால் மாறாததாகவும் இருக்க வேண்டும். ஐஃபல் கோபுரத்தின் உயரம் இதற்கு ஆகாது: 2022-இல் உச்சியில் புது ஆன்டெனா வைத்ததும் அது 324-இலிருந்து 330 மீட்டர் ஆகிவிட்டது. ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களின் கணக்கு இதற்கு மிகவும் பொருத்தம். இந்த மாதக் கட்டில் இருப்பது: டான் பிராட்மன் டெஸ்டில் எடுத்த மொத்த ஓட்டங்கள் எத்தனை? 99.94 என்ற சராசரி கிரிக்கெட் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும், 6,996 என்ற மொத்தம் சிலருக்கே தெரியும். 1948-இல் ஓவல் மைதானத்தில் கடைசி இன்னிங்ஸில் நான்கு ஓட்டம் எடுத்திருந்தால் சராசரி 100 ஆகியிருக்கும் என்பது நினைவிருக்கிற மேசை, 70 முறை ஆட்டமிழந்தார் என்பதையும் அறிந்தால் பெருக்கிப் பார்த்தே விடைக்கு வந்துவிடும். இரு அணித் தலைவர்களும் ஒரே நேரத்தில் எழுதித் தர வேண்டும், வாயால் சொல்லக் கூடாது. முதலில் சொல்பவரைப் பார்த்து அடுத்தவர் ஓர் எண் தள்ளிச் சொல்லிவிடுவார்.

பழைய கட்டுகள் கையில் வைத்திருப்பவர்கள் அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். நிலவுகளின் எண்ணிக்கை, செம்மொழிகளின் எண்ணிக்கை, தனிம அட்டவணை எழுத்து, மெரினா, ஹாக்கி, ‘தற்போதைய’ என்று தொடங்கும் அட்டைகள் ஆகியவற்றை மட்டும் உருவிவிடுங்கள். அவற்றுக்கு மாற்று அட்டைகள் புதிய கட்டோடு தனி உறையில் வரும். ஏதாவது கேள்வியில் மேசையில் ஆட்சேபம் எழுந்தால், அட்டையின் வலது மூலையில் உள்ள எண்ணையும், மறுத்தவர் சொன்ன விடையையும் குறித்து அனுப்புங்கள். சரிபார்த்து, அடுத்த கட்டில் திருத்திய அட்டையைச் சேர்த்துவிடுவோம்.

அன்புடன்,
கேள்வித் தயாரிப்புக் குழுவினர்