‘மோட்டார் போச்சு’ என்று எழுதும் முன் மீட்டரை வையுங்கள்

மின்சார ஸ்கூட்டர் நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டில் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். போர் மோட்டாரும் கிரைண்டரும் வந்துகொண்டிருந்த இடத்துக்கு இப்போது உங்கள் வண்டிகளும் வருகின்றன. வருகிறவர்களில் பாதிப்பேர், சர்வீஸ் சென்டரில் ‘மோட்டார் போச்சு, மாத்தணும்’ என்று எஸ்டிமேட் வாங்கி, தொகையைப் பார்த்துப் பயந்து வருகிறவர்கள். அந்த மோட்டார்கள் பலவற்றில் ஒரு பழுதும் இல்லை.

கடைகளுக்கு இட்லி மாவு போடும் ஒரு அக்காவின் வண்டி வந்தது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது உதறும். காலால் தள்ளிவிட்டால் ஓடும். இந்த அறிகுறியைக் கேட்டதுமே ஹால் சென்சார் பக்கம்தான் கை போக வேண்டும். சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டாரில் உள்ள இந்த மூன்று சென்சார்கள்தான், காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்று, மோட்டாருக்குக் கரண்ட் விடும் கன்ட்ரோலருக்குச் சொல்கின்றன. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சென்சார் வயர்கள் சேரும் பிளக்கான கப்ளரைக் கழற்றாமலே அதன் பின்பக்கம் மீட்டர் முனையைச் செருகி, சாவியைத் திருப்பி, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினோம். மஞ்சள் வயரும் பச்சை வயரும் 0, 5 வோல்ட் என்று மாறி மாறிக் காட்டின. நீலம் மட்டும் 5-லேயே நின்றது. வயரைத் தடவிக்கொண்டே போனால், ஆக்சிலுக்குள் நுழையும் இடத்தில் உறை தேய்ந்து, உள்ளே செம்பு அறுந்திருந்தது. பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு அனுப்பினோம்.

புது மோட்டார் போட்டிருந்தாலும் அந்த வண்டி ஓடியிருக்கும். புது மோட்டாரோடு புது வயரும் வருகிறதே! தவறாகக் கண்டுபிடித்தும் வண்டி சரியாகிவிடுவதால், உங்கள் சென்டரில் யாரும் கேள்வி கேட்பதில்லை. பணம் கட்டுகிறவருக்கும் தெரிவதில்லை. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

‘இழுவை இல்லை’ என்று வரும் வண்டிகளிலும் இதே கதைதான். உடனே பேட்டரி மேல் பழி. 48 வோல்ட் என்று சொல்லப்படும் 13 செல் வரிசைகளைக் கொண்ட லித்தியம் அயான் பேட்டரி முழு சார்ஜில் 54.6 வோல்ட் காட்டும். ஆனால் நிற்கும்போது பார்க்கும் வோல்டேஜ் பாதி உண்மைதான். மேட்டில் ஏற்றி, திராட்டிலை முறுக்கி, அப்போது எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு செல் வரிசை நலிந்திருந்தாலும் லோடில் அது முதலில் விழும்; பேட்டரிக்குள் அதைக் காக்கும் சர்க்யூட்டான பி.எம்.எஸ். மொத்த பேட்டரியையும் அணைத்துவிடும். அப்படியென்றால் பேட்டரி கோளாறுதான், சரி. ஆனால் பேட்டரி வயரில் கருகிய கனெக்டரும் ஏறக்குறைய இதே அறிகுறியைத் தரும். ஓடும்போது கனெக்டரின் இரு பக்கமும் மீட்டரை வைத்துப் பாருங்கள். 30 ஆம்பியர் ஓடும்போது அங்கே 1 வோல்ட் இழந்தால், 30 வாட் சூடு அந்தச் சின்ன பிளாஸ்டிக்குக்குள் இறங்குகிறது. அது உருகாமல் என்ன செய்யும்?

சக்கரம் கையால் சுற்றினால் இறுக்கமாக இருக்கிறதா? மோட்டாருக்குக் கரண்ட் கொண்டுபோகும் மூன்று ஃபேஸ் வயர்களையும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, முனைகள் ஒன்றையொன்று தொடாமல் வைத்து மறுபடி சுற்றுங்கள். லேசாகிவிட்டால் கன்ட்ரோலரில் கரண்டைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் ஷார்ட். அப்போதும் இறுக்கமாகவே இருந்தால்தான் மோட்டார் வைண்டிங்கையோ அதன் வயரையோ சந்தேகப்பட வேண்டும். வண்டி அசையவே இல்லையென்றால் எதற்கும் முன்னால் பிரேக் லீவரில் இருக்கும் கட்-ஆஃப் சுவிட்சைப் பாருங்கள். அது ஒட்டிக்கொண்டால் கன்ட்ரோலர் மோட்டாருக்குக் கரண்டே விடாது.

உங்கள் டெக்னீஷியன் தம்பிகளுக்கு இது தெரியாது என்று நான் நினைக்கவில்லை. அளந்து பார்க்க அவர்களுக்கு நேரம் கொடுப்பதில்லை. ஒரு நாளில் இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்றால் அசெம்பிளியை மாற்றுவதுதான் சுலபம்.

எஸ்டிமேட் போடும் முன் எடுத்த ரீடிங்குகளை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். லோடில் பேட்டரி வோல்டேஜ், மூன்று ஹால் சிக்னல்கள், திராட்டில் சிக்னல் இவை போதும். ‘மோட்டார் கோளாறு’ என்ற ஒற்றை வரிக்கு யாரும் பணம் கட்ட வேண்டாம். அப்புறம், எரர் கோடுகளின் பொருளையும், எந்தக் கப்ளரில் எந்த நிற வயர் எதற்கு என்ற படத்தையும் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். ஹால் சென்சார், அதன் வயர், கப்ளர் இவற்றைத் தனி ஸ்பேராக விற்றுக் கொடுங்கள். சில பத்து ரூபாய் சென்சாருக்காக முழு மோட்டாரையும் வாங்க வைப்பது நியாயமில்லை.

பேட்டரியைப் பிரிக்கும் உரிமையை நான் கேட்கவில்லை. தீ விபத்துகளுக்குப் பிறகு, பேட்டரி பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகள் 2022-ல் இறுக்கப்பட்டது சரிதான். சீல் வைத்த பேட்டரி உங்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும். ஆனால் கப்ளரில் மீட்டர் வைத்ததற்கெல்லாம் வாரண்டி போய்விட்டது என்று சொல்லாதீர்கள். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியபோது, அதில் சேர்த்த நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ராணிப்பேட்டையிலும் வண்டி செய்யும் மாநிலத்தில் இதற்கு வழி பிறக்க வேண்டும்.

ஐப்பசி மழை தொடங்கினால் கப்ளரில் தண்ணீர் இறங்கிய வண்டிகள் வரிசையாக வரும். அதற்குள் அந்த வயர் படங்களையாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
காயில் கட்டும் பட்டறைக்காரர்,
ஈரோடு