படகு மலையிறங்கும் முன்: ஸ்ப்ரெடரைக் கட்டும் முறை

உறுப்பினர்களுக்கு வணக்கம். ஏற்காட்டுக் கொட்டகையில் இருக்கும் நம் பாய்மரப் படகு ஞாயிறு காலை டிரெய்லரில் சேலத்துக்கு இறங்குகிறது. வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சாய்த்து வைத்த பாய்மரம் ஒவ்வொரு வளைவிலும் ஆடும்; அடி முதலில் ஸ்ப்ரெடருக்குத்தான், அதாவது மரத்தின் இருபுறமும் நீண்டு, அதைத் தாங்கும் பக்கக் கம்பிகளை விலக்கிப் பிடிக்கும் குறுக்குக் கைகளுக்கு.

சனிக்கிழமை மாலையே இரண்டு ஸ்ப்ரெடர்களையும் கழற்றிவிடுவோம். இடது, வலது என்று நாடா ஒட்டி எழுதிவிடுங்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் மாற்றிப் பொருத்தினால் கோணம் கெடும். ஸ்ப்ரெடரைப் பிடிக்கும் பின்னையும் (pin) அதன் வளையத்தையும் துளையிலேயே திரும்பப் போட்டு, மேலே நாடா சுற்றுங்கள். சட்டைப்பையில் போட்ட எந்தப் பின்னும் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

திருகாணி துருப்பிடித்துக் கழலாவிட்டால் சுத்தியல் வேண்டாம். ஸ்ப்ரெடரை அப்படியே விட்டுவிட்டு, பாய் ஏறும் பள்ளம் மேலே பார்க்கும்படி மரத்தைப் படுக்க வையுங்கள். பின்னோக்கிச் சாய்ந்த நம் ஸ்ப்ரெடர்கள் அப்போது மேல்நோக்கி நிற்கும், தளத்தில் இடிக்காது. நுனிகளுக்குப் பழைய சைக்கிள் டியூபை மாட்டுங்கள்.

தொங்கும் பக்கக் கம்பிகளை முழத்துக்கு ஒரு கட்டாக மரத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கம்பி அலுமினியத்தை உராயும் இடத்தில் துணி வையுங்கள். பைக்கில் மூட்டை கட்டும் ரப்பர் கயிறு கூடவே கூடாது, அது இழுபடும். பட்டை நாடாவே சரி.

பின்னால் நீளும் நுனியில் சிவப்புத் துணி. முதல் இரண்டு வளைவு தாண்டியதும் ஓரங்கட்டி முடிச்சுகளைப் பார்ப்போம். அடிவாரத்தில் இன்னொரு முறை. நாடாவும் டியூபும் வைத்திருப்பவர்கள் இங்கேயே பதில் போடவும்.