நாட்டுத் துப்பாக்கிக்கு யார் எண் குத்துவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வீட்டிலேயே செய்துகொள்ளும் துப்பாக்கிகளுக்கு வரிசை எண் கட்டாயம் என்று சட்டம் வந்திருப்பதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை படித்தேன். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கிகளுக்கும் இப்படி எண் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்தார்கள். அந்தப் பத்திக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் கடலூர் முதுநகரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். விசைப்படகு ஷாஃப்ட், கரும்பு ஜூஸ் மிஷின் ரோலர், மோட்டார் புஷ் என்று இரும்பைக் கடைந்தே வயிறு வளர்த்தவன். எண் குத்துவதும் எங்கள் வேலையில் சேர்த்தி. என் மேசை டிராயரில் நம்பர் பஞ்ச் பெட்டி ஒன்று எப்போதும் இருக்கும். அதில் ஒன்பது பஞ்ச்தான் வரும், ஆறைத் திருப்பிப் பிடித்தால் ஒன்பது. அதனால் எண் என்ன செய்யும், என்ன செய்யாது என்று ஓரளவு தெரியும்.

முதலில் என்ன செய்யும் என்பதைச் சொல்கிறேன். பஞ்சை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டால், எழுத்துப் பள்ளம் மட்டும் விழுவதில்லை, அதற்கு அடியில் உள்ள இரும்பும் நசுங்கி இறுகிவிடும். யாராவது அரத்தால் ராவி எண்ணை அழித்தாலும் அந்த நசுங்கல் உள்ளே இருக்கும். தடய அறிவியல் கூடத்தில் மேலே அமிலக் கரைசலைத் தடவினால், பல நேரம் எண் மறுபடி தெரியவரும். அமெரிக்க விதியில் எண்ணின் ஆழம் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்காவது இருக்க வேண்டும், உயரம் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. எங்கள் பாஷையில் அரை நூல். இதைப் படித்தபோது, எழுதியவர் பட்டறைக்காரனிடம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார் என்று தோன்றியது.

ஆனால் எண் தானாக யாரையும் காட்டிக்கொடுக்காது. அது ஒரு ரிஜிஸ்டருக்கு வழி காட்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, லைசென்ஸ் உள்ள கம்பெனி செய்யும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண் உண்டு. குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால், மேற்கு வர்ஜீனியாவில் உள்ள மத்திய அலுவலகம் அந்த எண்ணை வைத்துக் கம்பெனியைக் கேட்கும். கம்பெனி மொத்த வியாபாரியைச் சொல்லும், அவர் கடையைச் சொல்வார், கடைக்காரர் முதலில் வாங்கியவர் எழுதிக் கொடுத்த படிவத்தை எடுத்துக் காட்டுவார். யாரிடம் என்ன துப்பாக்கி என்று அரசே ஒரே பட்டியல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1986-இல் அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். அதனால் இன்றைக்கும் இப்படி ஒவ்வொரு படியாக விசாரித்துத்தான் போக வேண்டும். கம்ப்யூட்டரை உலகத்துக்கே விற்கிற நாட்டில் இந்தக் கூத்து!

தன் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் செய்துகொள்பவனுக்கு அந்த 1968 சட்டம் எண் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் இதைச் செய்யத் தொழில் தெரிந்திருக்க வேண்டும், லேத் வேண்டும். அப்புறம்தான் 'எண்பது சதவீதம்' என்று சொல்லி, முக்கால்வாசி முடித்த பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். மீதி இரண்டு மூன்று துளையை வீட்டில் போட்டுக்கொண்டால் போதும். பெட்டியில் இருப்பது இன்னும் துப்பாக்கி ஆகவில்லை, அதனால் எண்ணும் வேண்டாம், வாங்குபவரின் பின்னணி விசாரணையும் வேண்டாம் என்பது விற்றவர்களின் வாதம். எங்களிடம் ஒரு ஃபிளாஞ்சைக் கொண்டுவந்து, நாலு துளை மட்டும் பாக்கி, போட்டுக் கொடுங்கள் என்பார்கள். துளை போடும்வரை அது வெறும் இரும்புத் துண்டு என்று சொன்னால் என் பட்டறைப் பையனே சிரிப்பான்.

போலீஸ் கைப்பற்றி, மூலம் கண்டுபிடிக்கச் சொல்லி அனுப்பிய எண் இல்லாத துப்பாக்கிகள் 2017-இல் சுமார் 1,600. 2021-இல் 19,000-க்கு மேல். 2022-இல் மத்திய அரசு விதியை மாற்றி, இந்தப் பெட்டிகளை விற்பவர்களும் எண் போட வேண்டும், வாங்குபவரை விசாரிக்க வேண்டும் என்றது. வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச் மாதம் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்தப் பெட்டியை அதற்குமுன் பார்த்தே இராத ஒருவர் 21 நிமிடத்தில் துப்பாக்கியைப் பூட்டி முடித்தார் என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் கட்டுரையாளர் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார். விற்பவனை எண் போடச் சொல்வது ஒரு விஷயம். வீட்டில் செய்தவனையே எண் வாங்கிப் பொறிக்கச் சொல்வது வேறு விஷயம். இரண்டாவதைக் கலிபோர்னியா 2018 ஜூலையிலிருந்து செய்கிறது. செய்வதற்கு முன்பே மாநில நீதித் துறையிடம் விண்ணப்பித்து எண் வாங்க வேண்டும், செய்து முடித்த 10 நாளுக்குள் பொறிக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் செய்தால் 3.7 அவுன்ஸ், நம் கணக்கில் சுமார் 105 கிராம், குறிப்பிட்ட ரகத் துருப்பிடிக்காத எஃகை உள்ளே பதித்து அதன்மேல் எண் போட வேண்டும். எஃகின் ரகம்கூடச் சட்டத்தில் இருக்கிறது. ரசித்துப் படித்தேன். ஆனால் கெட்ட எண்ணத்தோடு செய்கிறவன் எந்த ஆபீஸில் போய் மனுக் கொடுப்பான்? எண் இல்லாமல் பிடிபட்டால் அதற்கே வழக்குப் போடலாம் என்ற ஒரு பலன் உண்டு, அதை மறுக்கவில்லை. அதிலும், பெட்டியை விற்றுப் பேர் வாங்கிய பாலிமர்80 என்ற கம்பெனி இருந்தது பக்கத்து மாநிலமான நெவாடாவில். எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறும் என்று, புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டிப் போய்வருகிற கடலூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கிய வெள்ளைக்காரன், பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரத்தை எல்லையாகப் போட்டுச் சுற்றுக் கிராமங்களையும் வளைத்துக்கொண்ட ஊர் இது. குண்டு சாலை என்ற பேர் இன்னும் இருக்கிறது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வதே குற்றம். செய்தவர் பெயரோ எண்ணோ இல்லாத துப்பாக்கியை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்று அதன் எட்டாவது பிரிவு சொல்கிறது. அழித்த எண்ணோடு ஒருவர் கையில் இருந்தால், அழித்தவர் அவரே என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்று அவர் நிரூபிக்க வேண்டும். துப்பாக்கி என்றால் அதன் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரங்களும் சேர்த்திதான் என்றும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025-இல் தீர்த்த கேள்விக்கு நம் ஆட்கள் 1959-இலேயே பதில் எழுதிவைத்துவிட்டார்கள். 'இயந்திரங்கள்' என்ற இடத்தைப் படிக்கும்போது மட்டும் என் பழைய லேத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு கள்ளத்தனமாகச் செய்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

இப்படி இருக்கும்போது, நாட்டுத் துப்பாக்கிக்கு எண் கொடுக்கிறோம், கொண்டு வாருங்கள் என்றால் யார் வருவார்? கொண்டுவந்து நீட்டும்போதே, லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்த குற்றம் அவர் மேல் நிற்கிறது. முறைப்படி லைசென்ஸ் வைத்திருக்கிற நரிக்குறவர்களும் விவசாயிகளும் அவரவர் துப்பாக்கி விவரத்தை ஏற்கெனவே லைசென்ஸில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கிவருகிறார்கள். அவர்களை மறுபடி வரிசையில் நிற்கவைப்பதில் என்ன புண்ணியம்? தருமபுரி, கிருஷ்ணகிரி, ஜவ்வாது மலைப் பக்கங்களில் போலீசார் கிராமம் கிராமமாகப் போய், தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவித்தபோது நாட்டுத் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. நம் மாவட்டத்துக்குப் பொருந்தும் வழி அதுதான். காட்டுப்பன்றித் தொல்லைக்காக மறைத்துவைத்திருக்கிற ஆளுக்கும் வெளியே வர ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் கொலைச் செய்தி என்று நாம் காலையில் படிப்பது நாட்டு வெடிகுண்டையும் வீச்சரிவாளையும்தான். வெடிகுண்டுக்கு எண் குத்த முடியாது. விற்கிற இடத்தில் கணக்கு வேண்டும் என்ற அமெரிக்கப் பாடம் இங்கே பொருந்துவது வெடிமருந்துக்குத்தான். பட்டாசு தயாரிக்கிற இடங்களில் மருந்து எவ்வளவு வந்தது, எவ்வளவு பட்டாசாக வெளியே போனது என்ற கணக்கை எல்லைக்கு இந்தப் பக்கத்து அதிகாரியும் அந்தப் பக்கத்து அதிகாரியும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கட்டும்.

கடைசியாக எங்கள் தொழிலைப் பற்றி. சில மாதங்களுக்கு முன் ஒரு பையன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, இந்த அளவில் கெட்டிக் குழாய் ஒன்று கடைந்து கொடுங்கள் என்றான். எதற்கு என்று கேட்டேன். காலேஜ் புராஜெக்ட் என்றான். காலேஜ் லெட்டர் கொண்டுவா என்றதும் போனவன் திரும்பவில்லை. அவன் உண்மையிலேயே மாணவனாகவும் இருக்கலாம். இதை யாரிடம் சொல்வது? ஸ்டேஷனில் போய்ச் சொன்னால் என்னையே உட்காரவைத்து விசாரிப்பார்களோ என்ற பயம் பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் உண்டு. வேறொரு ஊரில் கள்ளத் துப்பாக்கி பிடிபட்ட சமயம், சம்பந்தமே இல்லாத ஒரு நண்பரின் பட்டறையை நாள்கணக்கில் பூட்டிவைத்தார்கள். அதன்பிறகு எவன் வாயைத் திறப்பான்?

எந்த மாதிரி வேலையை எடுக்கக் கூடாது, சந்தேகம் வந்தால் எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும், சொன்னவரின் பெயர் வெளியே வராது என்பதை ஒரே பக்கத்தில் தமிழில் அச்சடித்து, மாவட்டக் காவல் துறை லேத், வெல்டிங் பட்டறைகளுக்கும், இப்போது புதிதாக வந்திருக்கும் 3டி பிரிண்டிங் கடைகளுக்கும் கொடுக்கலாம். செலவு சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். அந்த நோட்டீஸ் வந்தால் முதுநகர்ப் பட்டறைகளுக்கு எடுத்துப்போய்க் கொடுக்கிற வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர்,
கடலூர் முதுநகர்.