மீற்றரும் தேங்காயும்

கல்லடி,
மட்டக்களப்பு

அன்புள்ள மச்சான்,

நலம்தானே? டொரோண்டோவில் உன் வங்கிக்காரன் கொடுத்ததென்று நீ அனுப்பிய சிக்கனக் குறிப்புகள் கிடைத்தன. மனிசிக்கு வாசித்துக் காட்டினேன். "ஆளில்லாத அறையில் லைட்டை நூர்க்கவும்" என்றதும் சிரிக்கத் தொடங்கியவள், "வரவுக்குள் செலவு செய்யவும்" வந்தபோது அரிசி புடைத்த சுளகைக் கீழே வைத்துவிட்டாள்.

2022 பொருளாதார நெருக்கடியில் நீ இங்கே இருக்கவில்லை. அப்போது லைட்டை நூர்க்கச் சொல்லி யாரும் குறிப்பு எழுதத் தேவையிருக்கவில்லை. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் அரசாங்கமே நூர்த்து வைத்தது. "கிட்டத் தூரத்துக்கு நடந்து போகவும்" என்கிறார்கள். மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெட்ரோல், அதுவும் போனில் கியூஆர் குறியீட்டைக் காட்டினால்தான் என்று இருந்தபோது நடக்காமல் என்ன செய்வது? கடையில் பால் தேத்தண்ணி 100 ரூபாயானதும், பள்ளிக்கூடக் காலத்தில் நாம் குடித்த மாதிரி, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு வீட்டில் பிளேன்டி குடித்தோம். காசில்லாத பொழுதுபோக்கு வேண்டுமா, பழைய பாலத்தில் நின்று வாவிக் காற்று வாங்குவது எப்போதும் உள்ளதுதானே. அதைக் கெடுப்பது பாலத்தடிக் கச்சான் கடலைக்காரர்தான்.

இதை எழுதியவர் காசில்லாத வீட்டில் ஒரு நாளும் இருந்திருக்க மாட்டார் என்கிறாள் மனிசி. இருக்கலாம். பாவம், இப்படி எழுதினால்தான் அவருக்கும் சம்பளம்.

உன் பட்டியலில் இல்லாத ஒரு குறிப்பு என்னிடம் இருக்கிறது. இங்கே கரண்ட் மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, முதல் யூனிட்டிலிருந்தே கூடும். அதனால் மாதக் கடைசியில் மீற்றருக்கு முன்னால் நிற்பது என் வேலை. 57 என்றால் வீட்டில் யாரும் அயனைத் தொடக்கூடாது. கசங்கிய சேட்டோடு கலியாண வீட்டுக்கும் போயிருக்கிறேன், மச்சான்.

ஆனால் "பசியோடு கடைக்குப் போகவேண்டாம்" என்ற குறிப்புக்கு மட்டும் நான் சிரிக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தேங்காய் வாங்க வெறும் வயிற்றோடு காத்தான்குடிப் பக்கம் போனேன். மஸ்கற் அரைக் கிலோ, ஒரு சட்டித் தயிர், பிள்ளைகளுக்கென்று சொல்லி ரோல்ஸ் ஆறு. ரோல்ஸில் இரண்டு வீடு வந்து சேரவில்லை.

தேங்காய் எங்கே என்று மனிசி கேட்டாள். சரி, மிச்சத்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பள்ளிக்கூட வாங்குத் தோழன்