பாக்கியெல்லாம் பூஜ்யம், திரையில் மட்டும் 'வெற்றி'

பில்லிங் மென்பொருள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் ஆள் வந்து எங்கள் ஹார்டுவேர் கடையின் பழைய கணக்கை எக்செலிலிருந்து சிஎஸ்வி கோப்பாக (ஒவ்வொரு விவரத்தையும் கமாவால் பிரித்து எழுதும் கோப்பு) எடுத்து உங்கள் மென்பொருளில் ஏற்றிவிட்டுப் போனார். 6,200 பேர் கணக்கு, அரை நிமிடம்கூட ஆகவில்லை, பச்சை எழுத்தில் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று வந்தது, நானும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் ஒரு கொத்தனார் பாக்கி கட்ட வந்தார். அவர் பேரில் பாக்கி 0. "அப்போ கட்ட வேண்டாமாண்ணே?" என்று சிரிக்கிறார். போன் எண் 2147483647. அடுத்தவருக்கும் அதே எண், அதற்கடுத்தவருக்கும்.

என் அக்கா மகன் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவன், ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து பார்த்தான். போன் எண்ணை 'இன்ட்' என்ற முழு எண் வகையில் வைத்திருக்கிறீர்கள், அதில் அடங்கும் பெரிய எண்ணே 2147483647தான்; 6, 7, 8, 9 என்று தொடங்கும் நம் மொபைல் எண் ஒன்றுகூட அதில் கொள்ளாது. பாக்கி கதை இதைவிட மோசம். முகவரியில் கமா இருந்தால் எக்செல் அதை இரட்டை மேற்கோளுக்குள் வைத்துத் தரும். கோப்பை டேட்டாபேஸில் ஏற்றும் 'லோட் டேட்டா' கட்டளையில், மேற்கோளுக்குள் இருப்பது ஒரே விவரம் என்று சொல்லும் 'என்குளோஸ்டு பை'யைச் சேர்க்காததால், '14, கீழத் தெரு' என்ற முகவரி கமாவில் உடைந்து, '14' முகவரிக் கட்டத்திலும் 'கீழத் தெரு' பாக்கிக் கட்டத்திலும் போய் உட்கார்ந்துவிட்டது. தொகை இருக்க வேண்டிய இடத்தில் தெருப் பெயர் வந்தால் உங்கள் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் என்ன செய்யும், 0 போட்டுவிட்டது, உண்மையான பாக்கி வரிக் கடைசியில் மிஞ்சிக் கழிந்துபோனது. கமா இல்லாமல் ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்தவர்களுக்குத்தான் பாக்கி சரியாக இருக்கிறது, பாவம்.

தப்பு யாருக்கும் வரும். என் கோபம் அந்தப் பச்சை எழுத்தின் மேல். நம் கணினியிலிருந்தே கோப்பை அனுப்பும் 'லோக்கல்' முறையில், பாதியில் நிறுத்தச் சொல்ல டேட்டாபேஸ் சர்வருக்கு வழியில்லாததால், இந்த மாதிரிப் பிழையெல்லாம் ஏற்றுவதை நிறுத்தாமல் வெறும் வார்னிங்காகிவிடுமாம். அதே கோப்பை அக்கா மகன் தன் லேப்டாப்பில் ஏற்றியபோது வார்னிங் எண்ணிக்கை 16 ஆயிரத்தைத் தாண்டியது. உங்கள் புரோகிராம் அந்த எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போன் எண்ணை எழுத்து வகைக்கு மாற்றுங்கள், முதலில் 20 வரியை என் கண்முன்னால் ஏற்றிக் காட்டுங்கள், அப்புறம் முழுசாக ஏற்றி, கோப்பிலுள்ள மொத்தப் பாக்கியும் டேட்டாபேஸ் டேபிளிலுள்ள மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று காட்டுங்கள். கணக்கு ஏற்ற வாங்கிய 3,500 ரூபாய் எனக்குத் திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஆள் வராவிட்டால் சந்தாவைப் புதுப்பிக்க மாட்டேன்.

கொத்தனாரிடம் 8,450 ரூபாயைப் பழைய கணக்கு நோட்டைப் பார்த்துத்தான் வாங்கினேன், நீங்கள் வரும்வரை வரவு எல்லாம் அதில்தான் எழுதுகிறேன்.